வீட்டுத் தரையில் தங்கும் சிறுநீர் நாற்றத்தைப் போக்குவது எப்படி?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு மலையில், கரடியூர் போன்ற சிற்றூர்களில், மழையும் பனிமூட்டமும் மிகுந்த நாட்களில் கதவு, சன்னல்களை அடைத்தே வைக்க வேண்டியுள்ளது. காவல் நாயும் பூனையும் குளிருக்கு வீட்டினுள் ஒண்டும். பிறந்து சில நாட்களே ஆன ஆட்டுக்குட்டிகளை இரவில் உள்ளே கட்டுவதும் உண்டு. இவற்றின் சிறுநீர் நாற்றம் எத்தனை முறை கழுவினாலும், ஈரம் மிகுந்த நாளில் மீண்டும் எழுகிறது. குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கும் தரை என்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

நாற்றம் உண்டாகும் விதம்

46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவை மண்ணின் மேல் தூவி மூடாமல் விட்டால், அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக வீணாவதை நீங்கள் அறிவீர்கள். கால்நடைகளின் சிறுநீரில் இருப்பதும் அதே யூரியாதான். நுண்ணுயிர்களிலுள்ள 'யூரியேஸ்' என்னும் நொதி அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. தரையின் நுண்துளைகளில் காய்ந்து நிற்கும் உப்புகள் ஈரம் பட்டதும் மறுபடி நாறுகின்றன. பூனையின் சிறுநீரில் கந்தகம் கலந்த பொருள்களும் இருப்பதால் அதன் நெடி கூடுதல். இந்த வாயு கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். பழைய வாடையை மோந்து பிராணிகள் அதே இடத்தில் மீண்டும் கழிக்கும்.

சிமெண்டுத் தரை

1. ஈரத்தைத் தேய்த்துப் பரப்பாமல், பழந்துணி அல்லது மரத்தூளால் ஒற்றி எடுத்து வெளியேற்றவும்.

2. பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைக்கவும். இவ்வாறு இருமுறை செய்யவும்.

3. வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஊற்றி, 15 நிமிடம் கழித்து நல்ல நீரால் கழுவவும். புளிப்பு, காரத்தன்மையுள்ள அம்மோனியாவை அடக்கிவிடும். சலவைக்கல், மொசைக் தரைகளை வினிகர் அரிக்கும்; அங்கு வேண்டாம்.

4. தரை காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுதும் விட்டுக் காலையில் பெருக்கவும். வெயில் வந்ததும் கதவைத் திறந்து நன்கு உலரவிடவும்.

மண் தரை

நனைந்த இடத்தின் மேல் உடனே சாணம் மெழுக வேண்டாம். சாணத்திலும் யூரியேஸ் இருப்பதால் நாற்றம் மிகும். நனைந்த மண்ணைச் சுமார் ஓர் அங்குல ஆழத்திற்குச் சுரண்டி எடுத்து, புதுச் செம்மண் இட்டுக் கெட்டித்து, காய்ந்த பிறகே மெழுகவும். ஆட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணை எருக்குழியில் இடலாம். நாய், பூனைக் கழிவைக் காய்கறிப் பாத்திகளுக்கு இடக்கூடாது. அதில் புழு முட்டைகள் இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

அம்மோனியம் சல்பேட்டுடன் சுண்ணாம்பைக் கலந்தால் தழைச்சத்து வாயுவாகப் போய்விடும் அல்லவா? அதுபோல, ஈரச் சிறுநீரின் மேல் சுண்ணாம்போ சாம்பலோ தூவினால் நெடி அதிகமாகும்.

அதைவிட ஆபத்தானது பிளீச்சிங் பவுடர். அது சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். வினிகருடனோ கழிப்பறை ஆசிட்டுடனோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த வீட்டில் இவை மூச்சுத் திணறலை உண்டாக்கும். அப்படி நேர்ந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, காற்றோட்டமான இடத்திற்குச் செல்லவும். இருமலோ மூச்சிரைப்போ நீடித்தால் மருத்துவரை அணுகவும்.

நாய், எலி இவற்றின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். கை கால்களில் புண் உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்க்கவும். மற்றவர்களும் முடித்ததும் சோப்பிட்டுக் கைகால் கழுவ வேண்டும்.

வருமுன் காத்தல்

குட்டிகளுக்கு வெளியே காற்று அடிக்காத, மழை படாத பரண் அமைப்பதே சிறந்தது. அதுவரை, காப்பித் தோட்டத்தில் கிடைக்கும் காய்ந்த சில்வர் ஓக் சருகைக் கனமாகப் பரப்பி, நாள்தோறும் மாற்றி எருக்குழியில் சேர்க்கவும். நாய் படுக்கும் சாக்கை அடிக்கடி துவைத்து வெயிலில் காயவிடவும்.

நாற்றத்தை மணத்தால் மறைப்பதை விட, அதன் மூலத்தை அகற்றுவதே வழி. தரையில் வீணாகும் தழைச்சத்து எருக்குழிக்குப் போனால் நிலத்திற்கும் நன்மை, வீட்டிற்கும் நன்மை.