படியா, தராசா?
(பிளாஸ்டிக் கம்பெனியில் ஓர் இயற்பியல் பாடம்)



போன வருஷம் ஒருநாள் அப்பா முகம் வாடிப்போய் வீட்டுக்கு வந்தார். குளியலறை மக் செய்யும் கம்பெனியில் அவர் மெஷின் ஓட்டுகிறார். அனுப்பிய சிவப்பு மக் ஒரு லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டதாம். பாதி அடர் சிவப்பு, பாதி வெளிர் சிவப்பு, சிலவற்றில் கோடு கோடாக! "கலக்குற கை சரியில்ல" என்று திட்டு விழுந்தது அப்பாவுக்குத்தான். தப்பு கையிலா, அளவிலா? விடை தேடிப் போன நான், கடைசியில் நம்ம பாடப்புத்தகத்தின் நிறை, கன அளவு, அடர்த்தி பாடத்தில்தான் வந்து நின்றேன்.

கலர் எப்படிச் சேர்கிறது?

பிளாஸ்டிக் குருணை 25 கிலோ மூட்டையாக வரும். அதற்கு நிறம் கிடையாது. சாயத்தைச் செறிவாக ஏற்றிய வேறொரு குருணை உண்டு. அதன் பெயர் மாஸ்டர்பேட்ச். 100 கிலோவுக்கு 2 கிலோ என்றால், ஒரு மூட்டைக்கு 500 கிராம். இரண்டையும் டிரம்மில் போட்டு உருட்டிக் கலந்து, மெஷின் தலைமேல் இருக்கும் ஹாப்பரில் கொட்டுவார்கள். கீழே சூடான உருளைக்குள் உருகி, அச்சுக்குள் போய், மக் ஆகிறது.

கையால் நன்றாகத்தானே கலந்தார்கள், அப்புறம் ஏன் பிரிந்தது? அம்மா முறத்தில் அரிசி கொழிக்கும்போது பாருங்கள். ஆட்ட ஆட்ட முழு அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் போகும். ஹாப்பரிலும் அதே கதைதான். மெஷின் அதிர அதிர, கனத்திலும் அளவிலும் வேறுபட்ட குருணைகள் பிரிந்துவிடுகின்றன. முதலில் வரும் மக் ஒரு நிறம், கடைசியில் வருவது வேறு நிறம். ஆகவே கலப்பதை முன்கூட்டியே டிரம்மில் செய்யாமல், உருளையின் வாயிலேயே அளந்து விட வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் டோசிங் யூனிட்.

இரண்டு வகை

1. வால்யூமெட்ரிக் (கன அளவால் அளப்பது): உள்ளே ஒரு திருகு சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கன அளவு குருணையைத் தள்ளும். இது நம்ம ஊர்ப் படி மாதிரி. விலை குறைவு, பராமரிப்பு சுலபம். ஆனால் படியில் தலைதட்டி அளந்தாலும், பச்சரிசிக்கும் அவலுக்கும் எடை ஒன்றா? குருணை பொடிசாக மாறினால் ஒரு சுற்றில் போகும் எடையும் மாறிவிடும். மெஷினுக்கு அது தெரியாது.

2. கிராவிமெட்ரிக் (எடையால் அளப்பது): ஹாப்பரே தராசின்மேல் உட்கார்ந்திருக்கும். நொடிக்கு நொடி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, திருகின் வேகத்தைத் தானே கூட்டும், குறைக்கும். நாலைந்து பொருளை ஒவ்வொன்றாக நிறுத்துக் கலக்கும் வகையும் உண்டு. துல்லியம் அதிகம், விலையும் அதிகம். பக்கத்தில் அச்சு 'டமார்' என்று மூடும் அதிர்ச்சி தராசுக்குப் போகாமல் பொருத்த வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மக் ஒன்று 100 கிராம், 30 நொடிக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.
ஒரு மணிக்கு 3600 ÷ 30 = 120 மக், அதாவது 12 கிலோ.
2 சதவீதம் என்றால் மணிக்கு 240 கிராம் மாஸ்டர்பேட்ச். மக் ஒன்றுக்கு 2 கிராம்.
அளவு 10 சதவீதம் கூடிப்போனால் மக் ஒன்றுக்கு 0.2 கிராம் வீண். நாளைக்கு 2,880 மக். ஆகவே 576 கிராம் வீண்!
கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 115 ரூபாய், 300 நாளைக்கு சுமார் 34,500 ரூபாய். யூனிட் விலையை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

• மணிக்கு எத்தனை கிராம் தேவை? பெரிய யூனிட் வாங்கி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் அளவு தப்பும்.
• குருணையா, தூளா, அரைத்த பழைய பிளாஸ்டிக்கா? தூள் ஹாப்பரில் பாலம் கட்டி நின்றுவிடும், கீழே இறங்காது. அதற்குக் கிளறும் அமைப்பு வேண்டும்.
• எத்தனை பொருள் கலக்க வேண்டும்?
• எத்தனை முறை கலர் மாற்றுவார்கள்? அடிக்கடி என்றால் சட்டென்று கழற்றித் துடைக்க வர வேண்டும்.
• அளவு தப்பினால் என்ன ஆகும்? இதுதான் முக்கியமான கேள்வி.

மக்கில் அளவு தப்பினால் கலர்தான் கெடும். குடிநீர் கொண்டு போகும் கறுப்பு பாலிஎத்திலீன் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கரித்தூள் 2 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரம் ஐ.எஸ். 4984. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தக் கரிதான். குறைந்தால் குழாய் வெயிலில் நொறுங்கும், ஆனால் பார்வைக்குக் கறுப்பாகவே தெரியும்! கண்ணால் பிடிக்க முடியாத தப்புக்குத் தராசுதான் காவல். மக்குக்கோ படி போதும், அடிக்கடி சரிபார்த்தால்.

சரிபார்ப்பது எப்படி? கீழே ஒரு கிண்ணம் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டி, விழுந்ததை நிறுக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. பத்தும் நெருக்கமாக இருந்தால் யூனிட் நம்பகமானது. புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது அப்பா ஓட்டும் மெஷினில் ஒரு சின்ன வால்யூமெட்ரிக் யூனிட் இருக்கிறது. கிண்ணச் சோதனையின் எடைகளை அப்பா ஒரு அட்டையில் எழுதி மெஷினிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். இனிமேல் யாராவது "கை சரியில்ல" என்றால், காட்டுவதற்கு அட்டை இருக்கிறது.

நண்பர்களே, ஒருவர் மேல் பழி போடுமுன் அளவுகோலைச் சோதிப்போம்!

உங்களுக்கு ஒரு கணக்கு: வாளி 400 கிராம், 40 நொடிக்கு ஒன்று, மாஸ்டர்பேட்ச் 3 சதவீதம். மணிக்கு எத்தனை கிராம் வேண்டும்?
(விடை: 1,080 கிராம். வழிமுறையோடு போட்டு அறிவியல் சாரிடம் காட்டுங்கள்.)

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு