டிரைவால் ஒட்டு வேலை: தனியாகத் தொடங்க நினைப்பவருக்கு

"தம்பி, கதவுப் பிடி அடிச்சு சுவர் ஓட்டையாப் போச்சு. சின்ன வேலைதான், ஒருக்கா வந்து பாப்பியளோ?" ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் டிரைவால் தெரிந்த யாருக்கும் இந்த அழைப்புப் பழக்கமானது. புது வீடுகளில் சதுர அடிக் கணக்கில் பலகை ஏற்றும் குழுக்கள் ஒரு கையளவு ஓட்டைக்காக வானை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். வீட்டுக்காரர் தானே பூசிப் பார்த்தால் சுவரில் ஒரு மேடு மிஞ்சும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒருவர் மரியாதையாகப் பிழைக்கக்கூடிய தொழில் இருக்கிறது. கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களும், தொழிற்சாலை ஷிஃப்டில் அலுத்துப்போனவர்களும் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கருவிகளுக்குப் பெரிய முதல் தேவையில்லை. தேவைப்படுவது கைப்பழக்கம்.

அந்தப் பழக்கத்தை அடுத்தவர் வீட்டில் தேடாதீர்கள். அரை அங்குலத் தடிப்பில் 4-க்கு 8 அடிப் பலகை ஒன்று வாங்கி, கராஜில் டூ-பை-ஃபோர் சட்டத்தில் அறையுங்கள். சுத்தியலால் பத்து ஓட்டை போடுங்கள். பத்தையும் அடைத்து, பெயின்ட் அடித்து, எது எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியாத நிலைக்கு வந்த பிறகுதான் காசு வாங்கும் வேலைக்குப் போக வேண்டும்.

ஓட்டையைக் கண்டதும் மட் எனப்படும் பூச்சுக் கலவையைப் பூசப் பாய்வதுதான் தொடக்கக்காரரின் முதல் தவறு. முதலில் உடைந்த விளிம்பை வெட்டிச் சதுரமாக்குங்கள். கைவாளை ஆழமாக இறக்கக் கூடாது, உள்ளே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகலாம். ஓட்டையைவிட நான்கைந்து அங்குலம் நீளமான மரச் சட்டத்தை உள்ளே நுழைத்து, சுவர்ப் பலகையின் வழியாகவே ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் புதுத் துண்டுக்கு முதுகு கிடைத்துவிடும். துண்டு பழைய பலகையின் அதே தடிப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கராஜுக்கும் இடையிலான சுவரில் 5/8 அங்குலத் தீத்தடுப்புப் பலகை இருந்தால் அங்கே அரை அங்குலத்தை ஒட்டவே கூடாது. ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே குழிந்து நிற்கட்டும். தாள் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது.

பலர் தோற்பது அடுத்த இடத்தில்தான். ஓட்டையைச் சுற்றி மேல்தாள் உரிந்து பழுப்புத் தாள் தெரிந்தால் அதன்மேல் நேராக மட் பூசாதீர்கள். மட்டில் உள்ள ஈரத்தைக் குடித்துப் பழுப்புத் தாள் கொப்புளமாக எழும்பும். நீங்கள் கூலி வாங்கிப் போன மறுநாள்தான் அது வீட்டுக்காரர் கண்ணில் படும். தளர்ந்த தாளை வெட்டி எடுத்து, தாளை இறுக்கும் சீலர் ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்த பிறகு வேலையைத் தொடருங்கள்.

மட்டில் இரண்டு வகை. வாளியில் கலந்தே வருவது தண்ணீர் ஆவியாகித்தான் காயும், ஒவ்வொரு பூச்சுக்கும் கிட்டத்தட்ட ஒரு நாள் கொடுக்க வேண்டும். பைத்தூளாக வரும் ஹாட் மட் தண்ணீர் சேர்ந்ததும் வேதிவினையால் இறுகும். பையில் அச்சிட்டிருக்கும் 20, 45, 90 எல்லாம் இறுகும் நிமிடக் கணக்கு. ஒட்டு வேலைக்காரரின் உயிர் இந்த ஹாட் மட்தான். துண்டின் இடுக்குகளை 45-ஆல் நிரப்பி அதிலேயே டேப்பையும் பதித்துவிட்டால் அதே காலையில் அடுத்த பூச்சுக்குப் போகலாம். ஆனால் தொடக்கத்தில் 20-ஐத் தொடாதீர்கள், கை வேகம் பிடிக்குமுன் வாளியிலேயே கல்லாகிவிடும். கடைசிப் பூச்சுக்கு வாளி மட்டே நல்லது, தேய்க்க மென்மையாக இருக்கும்.

டேப்புக்கு என் தேர்வு தாள் டேப். பசையுள்ள வலை டேப் கைக்கு வசதிதான், ஆனால் அதன்மேல் ஹாட் மட் போட்டால்தான் பலம். வாளி மட் போட்டால் பிறகு வெடிப்பு வர வாய்ப்பு அதிகம்.

ஒட்டின் விளிம்பில் தொழிற்சாலைப் பலகையில் உள்ள சரிவு கிடையாது. ஆகவே டேப்பின் தடிப்பு மேடாகத்தான் நிற்கும், அதை ஒழிக்க முடியாது. செய்யக்கூடியது அந்த மேட்டை அகலமாகப் பரப்பிக் கண்ணை ஏமாற்றுவது. முதல் பூச்சு 6 அங்குலக் கத்தியால், அடுத்தது 10-ஆல், கடைசி 12-ஆல். கையளவு ஓட்டைக்கு இரண்டடிக்கு மேல் மட் விரியும். "இந்தச் சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பூசுறியளே?" என்று வீட்டுக்கார அம்மா பதறுவார். தொடங்கும்போதே சொல்லிவைத்தால் அந்தப் பதற்றம் வராது.

பூசி முடித்ததும் அறை விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பள்ளமும் கோடும் நிழல்போட்டுக் காட்டிக்கொடுக்கும். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து விழும்போது வீட்டுக்காரர் பார்க்கப்போவதை அப்போதே நீங்கள் பார்த்துவிடலாம். ப்ரைமரைத் தவிர்க்காதீர்கள். மட் பெயின்டை அதிகம் உறிஞ்சும், அதனால் ஒட்டிய இடம் மங்கலாகத் தனித்துத் தெரியும். பழைய பெயின்ட் நிறம் மாறியிருக்கும் என்பதால் ஒட்டை மட்டும் அடிக்காமல் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்கக் கேளுங்கள். அதற்கு வேறு விலை.

ஒரு முறை சீலிங்கில் பழுப்புக் கறை படிந்த பலகையை வெட்டி மாற்றிக் கொடுத்தேன். மேலே குளியலறைக் கசிவு நின்றுவிட்டது என்று வீட்டார் சொன்னதை அப்படியே நம்பினேன். மூன்றே கிழமையில் அதே வட்டம் திரும்ப வந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஈரமானி இல்லாமல் கறைக்குக் கை வைப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதற்குச் சமம்.

வெடிப்பைக் கண்டாலும் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். மேல்மாடியில் உட்சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் மாரியில் திறந்து கோடையில் மூடும் வெடிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ் மேலே வளைவதால் வருவது. இன்சுலேஷனுக்குள் புதைந்த கீழ்ச் சட்டம் சூட்டில் காய்ந்து சுருங்க, குளிரிலும் ஈரத்திலும் நிற்கும் மேல்சட்டங்கள் நீள, டிரஸ் வில்லாக வளைந்து சீலிங்கைத் தூக்குகிறது. எத்தனை தடவை மட் அடைத்தாலும் அடுத்த ஜனவரியில் கிழியும். சுவரிலிருந்து ஒன்றரை அடி வரைக்கும் சீலிங் பலகையை டிரஸில் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை விடுவித்து, விளிம்பைச் சுவரின் தலைச்சட்டத்தோடு இணைப்பது ஒரு வழி. சீலிங்கில் மட்டும் அறைந்த கிரவுன் மோல்டிங்கால் மூடுவது மற்றொன்று, அது டிரஸோடு சேர்ந்து ஏறி இறங்கும். இதை ஒரு வீட்டுக்காரருக்குப் புரியும்படி விளக்கினால் அந்தத் தெரு முழுவதும் உங்கள் பெயர் போகும்.

பழைய வீடுகளில் நிதானம் வேண்டும். 1970-களின் கடைசி வரைக்கும் மட்டிலும், சோளப்பொரி போன்ற சீலிங் பூச்சிலும் ஆஸ்பெஸ்டஸ் கலந்தது உண்டு. ஸ்கார்பரோவில் அந்தக் காலத்து வீடுகள் நிறைய. சந்தேகம் இருந்தால் தேய்ப்பதற்கும் சுரண்டுவதற்கும் முன்னால் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஒன்ராறியோவில் ஆஸ்பெஸ்டஸ் வேலைக்கென்றே 278/05 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. "ஒண்டும் இருக்காது, செய்யுங்கோ" என்று வீட்டார் அவசரப்படுத்தினாலும் செய்யாதீர்கள். நுரையீரல் உங்களுடையது. புது மட்டின் தூசியும் சும்மா இல்லை, சிலவற்றில் சிலிக்கா உண்டு. சுவாசக் கவசம் போடுங்கள், முடிந்த இடத்தில் ஈரப் பஞ்சால் தேயுங்கள்.

இனிக் கணக்கு. விலையை ஓட்டையின் அளவால் நிர்ணயிக்காதீர்கள், எத்தனை தடவை போய்வர வேண்டும் என்பதால் நிர்ணயியுங்கள். பொருள் செலவு சொற்பம். 401 நெடுஞ்சாலையில் நிற்கும் நேரம்தான் உங்கள் முதல். அதனால் ஒரு குறைந்தபட்சக் கூலியை வைத்து, அதற்குக் கீழே எவருக்கும் இறங்காதீர்கள், சொந்தக்காரருக்கும்தான். அதே கூலிக்குள் வீட்டில் உள்ள மற்ற ஆணித் துருத்தல்களையும் சரி செய்து கொடுத்தால் அவர்களுக்கும் திருப்தி.

ஒன்ராறியோவில் டிரைவால் ஃபினிஷர் வேலைக்கு லைசன்ஸ் கட்டாயமில்லை. ஆனால் ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்ராறியோவின் கீழ் அப்ரென்டிஸாகப் பதிந்து ரெட் சீல் வரை போகலாம். நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் போகவே வேண்டும் என்பேன், மாகாணம் மாறினாலும் அந்தத் தகுதி கூடவே வரும். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி விற்பனை வரிப் பதிவு கட்டாயம். வீட்டில் குடியிருப்பவரிடமே நேரடியாகக் காசு வாங்கிச் செய்யும் தனியாளுக்கு டபிள்யூஎஸ்ஐபி எனப்படும் வேலைத்தல விபத்துக் காப்புறுதியிலிருந்து விலக்கு உண்டு. ஒரு கான்ட்ராக்டரின் கீழ் போன அன்றே அந்த விலக்கு போய்விடும். பொறுப்புக் காப்புறுதியை முதல் வேலைக்கு முன்பே எடுங்கள். "அப்பிடியே அந்த பிளக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கோ" என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள், கூலிக்கு மின்வேலை செய்ய இங்கே உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே அனுமதி.

வேலை முடித்துக் கிளம்பும் முன், சுவிட்ச் மூடியைக் கழற்றி அதன் உட்பக்கத்தில் பெயின்டின் பெயரையும் எண்ணையும் தேதியையும் ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே சுவரில் அடுத்த கதவுப் பிடி இடிக்கும்போது, அந்தத் துண்டு டேப்பைத் தேடி வரப்போவது அநேகமாக நீங்கள்தான்.