சைலன்சர் மாத்த முதல் ஒரு ப்ரொஃபைலிங் பாடம்



மோட்டார் சைக்கிளுக்குள் இருக்கிற கொம்பியூட்டரைப் பற்றிப் போன எபிசோட்டில் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, டூரிங் பைக்குக்கு எந்த எக்ஸோஸ்ட் போடலாம்? எயார் ஃபில்டரையும் மாத்தினால் எவ்வளவு பவர் கூடும்?" மைக்கில் கணக்குச் சொன்னால் யாருக்கும் காதில் நிற்காது. அதனால் இந்தக் கிழமை எழுத்தில். உதாரணத்துக்கு நான் ஓடுகிற வண்டியையே எடுக்கிறேன்: 2018 யமஹா ட்ரேசர் 900. 847 சிசி, மூன்று சிலிண்டர், 10,000 சுற்றில் 115 குதிரைவலு.

கணினி படிக்கிற ஆக்களுக்கு முதல் அடி தெரியும். ப்ரோகிராம் மெதுவாக ஓடினால் கண்ட இடத்தில் கை வைக்கிறதில்லை. ப்ரொஃபைலரை ஓட விட்டு, நேரம் எங்கே போகுது என்று பார்ப்போம். அம்டால் விதி படிச்சிருப்பீங்கள்: மொத்த நேரத்தில் 5 வீதம் எடுக்கிற பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும் மிச்சம் பிடிக்கக்கூடியது அந்த 5 வீதம்தான்.

அதே கேள்வியை எஞ்சினிடம் கேளுங்கோ. பெட்டிகள் பூட்டின டூரிங் வண்டி சமதரையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போக ஏறத்தாழ 15 குதிரைவலு போதும். 130இல் 25 முதல் 30 வரை வேணும், ஏனென்றால் காற்றைத் தள்ளத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் படியாக ஏறும். 115 இருக்கிற எஞ்சினில் இருந்து 15ஐ மட்டும் எப்படி எடுக்கிறீங்கள்? வலக்கையால் த்ரொட்டில் தட்டைப் பெரும்பாலும் மூடி வைத்துத்தான். அந்த நேரத்தில் எஞ்சினின் மூச்சை அடைக்கிற பெரிய தடை ஃபில்டரும் இல்லை, சைலன்சரும் இல்லை. உங்கட கைதான் தடை.

ஃபில்டரின் தடை எப்போது கணக்கில் வரும்? முழுசாகத் திறந்து 10,000 சுற்றுக்குப் போகும்போது. நாலடி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதரம் மூச்செடுக்கும். 0.847 லீற்றரை 5,000ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 4,000 லீற்றருக்கு மேல் வளி. ரேஸ் ட்ராக்கில் இது பெரிய விசயம். மலைப் பாதையில், பின்னால் ஒரு ஆளும் இரண்டு பெட்டியும் இருக்கும்போது நீங்கள் அங்கே ஒரு நாளைக்கு எத்தனை செக்கன் நிற்பீங்கள்?

மலை என்றதும் இன்னொரு கணக்கு. ஸ்டெல்வியோ கணவாயின் உச்சி 2,757 மீற்றர். அந்த உயரத்தில் வளியின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினின் உச்ச வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 115 என்று விளம்பரத்தில் இருக்கிற வண்டி மேலே 90க்கும் கீழே வந்துவிடும். மலையே இருபத்தைந்து குதிரைவலுவைப் பறிக்குது, நீங்கள் ஆயிரத்துச் சொச்சம் யூரோ கொடுத்து இரண்டு மூன்றை வாங்கப் போறீங்கள். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எதுக்காக வாங்கிறீங்கள் என்று தெரிந்து வாங்குங்கோ.

"பாக் ப்ரெஷர் வேணும்" என்கிற கதை

கராஜ்களில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது: எஞ்சினுக்குப் பின்னமுக்கம் தேவை, குழாயைத் திறந்துவிட்டால் இழுவை போயிடும். இழுவை போவது உண்மைதான். சொல்கிற காரணம்தான் பிழை. பின்னமுக்கத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மை இல்லை. வேலை செய்வது அலை.

வெளியேற்று வால்வு திறந்ததும் ஒரு அமுக்க அலை குழாய்க்குள் ஓடும். குழாய் விரியிற இடத்துக்கு வந்ததும் அது தலைகீழாகி, உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வரும். வெளியேற்று வால்வும் உள்ளிழுக்கும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கிற அந்தத் தருணத்தில் வந்து சேர்ந்தால் பழைய புகையை இழுத்தெடுத்து, புது வளிக்கு இடம் விடும். நேரம் தப்பி வந்தால் பிரயோசனம் இல்லை, சில வேளை எதிராகவும் வேலை செய்யும்.

ஒரு கணக்கு. சூடான புகையில் அலை செக்கனுக்கு 500 மீற்றர் ஓடுது என்று வைப்போம். ஒரு மீற்றர் தூரம் போய்த் திரும்ப 4 மில்லிசெக்கன். 9,000 சுற்றில் ஒரு சுழற்சிக்கு 6.7 மில்லிசெக்கன் எடுக்கும், அதாவது அலை திரும்பும்போது எஞ்சின் 216 பாகை சுழன்றிருக்கும். வால்வு திறந்ததில் இருந்து இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கிற நேரம் வரைக்கும் ஏறத்தாழ இவ்வளவுதான் இடைவெளி. சரியான நேரத்துக்கு பஸ் வந்த மாதிரி. அதே குழாய் 5,000 சுற்றில்? சுழற்சிக்கு 12 மில்லிசெக்கன். அலை 120 பாகையிலேயே வந்துவிடும், பஸ் வரும்போது ஸ்டொப்பில் யாரும் இல்லை.

ஆகவே ஒரு குழாய் எல்லாச் சுற்றுக்கும் நல்லதாக இருக்க ஏலாது. மேலே கூட்டினால் நடுவில் பள்ளம் விழும். ட்ரேசர் ஆறாவது கியரில் 100இல் போகும்போது எஞ்சின் ஏறத்தாழ 4,000இல் சுழலும். லொறியை முந்துவது அங்கிருந்துதான். அந்த இடத்தில் விழுகிற பள்ளத்தை 9,500இல் கூடின மூன்று குதிரைவலு நிரப்பாது.

உள்ளிழுக்கும் பக்கமும் இதே கதை. எயார் பொக்ஸ் வெறும் பிளாஸ்டிக் பெட்டி இல்லை, போத்தல் வாயில் ஊதினால் வருகிற ஒலி மாதிரி தனக்கென்று ஒரு அதிர்வெண் வைத்து இழுவைக்கு உதவுகிற அறை. இந்த யமஹா எஞ்சினில் மூன்று உள்ளிழுக்கும் புனல்களும் ஒரே நீளம் இல்லை. வளைவைச் சமப்படுத்த யாரோ ஒருத்தர் மாசக்கணக்கில் இருந்து செய்த வேலை அது. அந்தப் பெட்டியில் ஓட்டை போடச் சொல்கிற வீடியோவைப் பார்த்தால் மூடிவிடுங்கோ. எண்ணெய் பூசின பருத்தி ஃபில்டர் கழுவிப் பாவிக்கலாம், அது வசதி. ஆனால் புழுதியைப் பிடிக்கிற திறமையில் நல்ல கடதாசி ஃபில்டர்தான் முன்னுக்கு நிற்கும்.

கொம்பியூட்டருக்கு என்ன தெரியும்?

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வருகிற வளியை நேராக அளப்பதில்லை. ஈசியுவுக்குள் ஒரு அட்டவணை இருக்கு: ஒரு பக்கம் சுற்று, மற்றப் பக்கம் த்ரொட்டில் கோணம். கட்டங்களுக்கு இடையில் இன்டர்போலேட் பண்ணி, "இவ்வளவு வளி வந்திருக்கும், ஆகவே இவ்வளவு பெற்றோல்" என்று ஊகிக்கும். நீங்கள் படித்த இரு பரிமாண அரேதான். அந்த எண்கள் தொழிற்சாலையில் பூட்டின ஃபில்டருக்கும் குழாய்க்கும் எழுதினவை. வன்பொருளை மாத்திவிட்டு அட்டவணையை மாத்தாவிட்டால், அது பழைய உலகத்துக்கான கேஷ்.

மெதுவாக, சீராக ஓடும்போது லம்டா சென்சர் காப்பாற்றும். புகையில் மிஞ்சின ஒட்சிசனைப் பார்த்து, பெற்றோல் ஒரு கிராமுக்கு வளி 14.7 கிராம் என்கிற விகிதத்துக்குத் திருத்திக்கொண்டே இருக்கும். கையை முறுக்கினதும் பல வண்டிகளில் இந்தத் திருத்தம் நின்றுவிடும், அட்டவணை மட்டும்தான் பேசும். வளி கூடி பெற்றோல் கூடாவிட்டால் கலவை மெலியும், எஞ்சின் சூடாகும். எஞ்சின் கடுமையாக வேலை செய்கிற நேரமும் அதுதான், பெட்டியோடும் ஆளோடும் மலை ஏறுகிற நேரம்.

நெற்றில் விற்கிற மலிவான "பவர் பெட்டி" ஒன்று இருக்கு. பலதுக்குள் இருப்பது ஒரு ரெசிஸ்டர். வெப்ப சென்சரின் வயரில் நின்று "வெளியில குளிர்" என்று ஈசியுவிடம் பொய் சொல்லும், ஈசியுவும் பெற்றோலைக் கூட்டும். டெஸ்ட் பாஸாக மொக் டேட்டா கொடுக்கிற மாதிரி. சிரிப்பு வந்தாலும் அது காசுக்கு விற்பனையாகுது.

சட்டமும் சத்தமும்

ஜெர்மனியில் இருக்கிறவர்கள் ஃபார்சொய்க்ஷைனை எடுத்து யு.1 என்ற கட்டத்தைப் பாருங்கோ. நிற்கும்போது, குழாய் வாயில் இருந்து 50 சென்ரிமீற்றரில் அளந்த இரைச்சல் அது. பக்கத்தில் யு.2, எந்தச் சுற்றில் அளந்தது என்று. ஆஸ்திரியாவின் டிரோலில், ரொய்ட்டே மாவட்டத்தின் சில பாதைகளில், ஹான்டென்யொக் உட்பட, 2020 கோடையில் இருந்து யு.1 95 டெசிபலுக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு சீசனில் அனுமதி இல்லை. நீங்கள் மெதுவாக ஓடினாலும் சரி, பத்திரத்தில் இருக்கிற எண்தான் பேசும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேச முதல் இந்தக் கட்டத்தைப் பார்த்தால் நல்லது.

மாத்துச் சைலன்சரில் ஈ எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்க வேணும், அந்த அனுமதி உங்கள் வண்டி மொடலுக்கே உரியதாக இருக்க வேணும். "ரேஸுக்கு மட்டும்" என்று பெட்டியில் சின்ன எழுத்தில் இருந்தால் அது உங்களுக்கில்லை. கற்றலைசரைக் கழற்றினாலோ டிபி கில்லரை உருவினாலோ வண்டியின் அனுமதியே செல்லாது. பொலிஸ் பிடித்தால் அந்த இடத்திலேயே பயணம் முடியலாம். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கேட்கிற முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

சத்தம் பிடிக்கும் என்றால் "சத்தம் பிடிக்கும்" என்று சொல்லுங்கோ. எனக்கும் மூன்று சிலிண்டரின் அந்த ஊளை பிடிக்கும். பவர், பாதுகாப்பு என்று அதுக்குப் போர்வை போர்த்தத் தேவையில்லை. ஆனால் டூரிங்கில் எட்டு மணித்தியாலம் அதோடு இருக்க வேணும். 100இல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணித்தியாலத்துக்குப் பாதுகாப்பான எல்லை 85, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது கேட்டல் பாதுகாப்பில் பாவிக்கிற கணக்கு. காதடைப்பான் இல்லாமல் நீண்ட தூரம் ஓடாதீங்கோ, எந்தச் சைலன்சராக இருந்தாலும்.

அப்ப எப்போது மாத்தலாம்? பழையது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அசல் உதிரியின் விலையைக் கேட்டுத் தலை சுற்றினால், ஈ முத்திரையுள்ள மாத்துச் சைலன்சர் நல்ல தெரிவு. கற்றலைசர் முன்பக்கக் குழாயில் தனியாக இருக்கிற வண்டிகளில் பின்முனையை மட்டும் மாத்தலாம், அட்டவணைக்குப் பெரிய பாதிப்பு வராது. என் ட்ரேசரில் குழாயும் சைலன்சரும் எஞ்சினுக்குக் கீழே ஒரே துண்டு, மாத்தினால் முழுசாக மாத்த வேணும். ஓடர் பண்ண முதல் நடு ஸ்டாண்டும் பக்கப் பெட்டியும் இடிக்காதா என்று பாருங்கோ. இரண்டு மூன்று கிலோ குறையும் என்பார்கள். உண்மைதான். அம்மா கட்டித் தருகிற சாப்பாட்டுப் பார்சலில் அது திரும்பி ஏறிவிடும்.

நான் இந்த சீசனுக்கு அசல் எக்ஸோஸ்டை அப்படியே விட்டு, புது அசல் ஃபில்டர் போட்டிருக்கிறேன். மிச்சக் காசு பின் சஸ்பென்ஷனுக்குப் போகுது. ஆளும் பெட்டியும் ஏறினால் வண்டி பின்னால் குந்துகிறது எனக்கு ஒவ்வொரு வளைவிலும் தெரியுது. 9,500 சுற்றை நான் காண்பது எப்போதாவதுதான்.

கடைக்காரர் டைனோ வரைபடம் காட்டினால் உச்சப் புள்ளியை விட்டு, 3,000க்கும் 6,000க்கும் இடையில் இரண்டு கோடும் எப்படிப் போகுது என்று பாருங்கோ. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வண்டியில் எடுத்தார்களா என்று கேளுங்கோ. அப்படி ஒரு வரைபடம் கையில் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் சேர்ந்து வாசிப்போம்.