ஜிஎஸ்டி குறைஞ்சுது... உங்க பில் குறைஞ்சுதா?



2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிடுச்சு. சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18%-ல இருந்து 5%. நெய், வெண்ணெய் 12%-ல இருந்து 5%. ஏசி, 350 சிசி வரைக்குமான பைக் 28%-ல இருந்து 18%. அரசு தன் பங்கை விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனா அந்தப் பணம் அரசுக்கும் உங்களுக்கும் நடுவுல கம்பெனி, டிஸ்ட்ரிபியூட்டர், கடைக்காரர்னு மூணு கையைத் தாண்டி வரணும். வந்து சேர்ந்துச்சான்னு நீங்களே கண்டுபிடிக்கிறது எப்படி? அதுதான் இன்னைக்குப் பாடம்.

1. முதல்ல கணக்கு: 13% இல்ல, 11%

18%-ல இருந்து 5%-னா விலை 13% குறையணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. வரி போடுறது அடிப்படை விலை மேல. நீங்க பார்க்கிறது வரி சேர்ந்த விலை. 118 ரூபாய்ப் பொருள் 105 ரூபாய்க்கு வரணும். 118-ல 13 ரூபாய்னா சுமார் 11%.

இந்த மூணு எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க:

- 18%-ல இருந்து 5%: விலை சுமார் 11% குறையணும்
- 28%-ல இருந்து 18%: சுமார் 7.8%
- 12%-ல இருந்து 5%: 6.25%

மாசம் 4,000 ரூபாய்க்கு 18% வரிப் பொருட்கள் வாங்கின குடும்பத்துக்கு, முழுசா வந்து சேர்ந்தா மாசம் 440 ரூபாய், வருஷத்துக்கு சுமார் 5,300 ரூபாய் மிச்சம். சின்னத் தொகை இல்ல.

2. அஞ்சு ரூபாய் பாக்கெட் ஏன் அஞ்சு ரூபாயாவே இருக்கு?

செஞ்சியில இருந்து வந்தவாசி பக்கம் போனா, பல்லவர் குடைவரைக் கோயில் இருக்கிற சீயமங்கலம் வரும். அந்த மாதிரி ஊர்ப் பெட்டிக்கடையில அதிகம் ஓடுறது 5 ரூபாய் பிஸ்கட், 2 ரூபாய் ஷாம்பு சாஷே. 5 ரூபாய் பிஸ்கட்டுக்குப் புது வரிப்படி விலை 4 ரூபாய் 45 காசு. அந்த 55 காசுக்குச் சில்லறை எங்க போறது?

அதனால சின்ன பாக்கெட்டுகள்ல விலையைத் தொடாம எடையைக் கூட்டுறது ஒரு வழி. இதுக்கும் கணக்கு இருக்கு. விலை அதேன்னா, எடை சுமார் 12.4% கூடணும். 50 கிராம் இருந்த பாக்கெட் 56 கிராம் ஆகணும். 52 கிராம்தான் ஆகியிருக்குன்னா, பாதிக்கும் மேல வழியிலேயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். அதனால விலையை மட்டும் பார்க்காதீங்க, கிராமுக்கு எவ்வளவுன்னு பாருங்க.

3. கடைக்காரர் எப்பவுமே வில்லன் இல்ல

ஒரு பட்டயக் கணக்காளரா இதைச் சொல்லியே ஆகணும். எம்ஆர்பி-யை முடிவு பண்றது கம்பெனி; கடைக்காரர் இல்ல.

செஞ்சி டவுன்ல ஜிஎஸ்டி பதிவு பண்ணின சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கோங்க. பழைய சரக்கை 18% வரி கட்டி வாங்கியிருந்தாலும், அந்த வரி உள்ளீட்டு வரி வரவா அவர் கணக்குல இருக்கும். அதை வேற பொருளோட வரிக்குக் கழிச்சுக்கலாம். அதனால "பழைய ஸ்டாக் சார், பழைய விலைதான்"னு அவர் சொன்னா, வரியைக் காரணம் காட்ட முடியாது.

ஆனா, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குக் கீழ இருக்கிற பெட்டிக்கடை பெரும்பாலும் பதிவே பண்ணியிருக்காது. அந்தக் கடைக்காரருக்கு வரி வரவு கிடையாது. கட்டின 18% அவரோட கொள்முதல் விலையிலேயே கலந்துடுச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் ஈடு கொடுக்கலைன்னா பழைய ஸ்டாக்கைக் குறைச்சு வித்தா கைநஷ்டம்தான். அவர்கிட்ட சண்டை போடாதீங்க. புது சரக்கு வந்த பிறகும் விலை மாறலைன்னா அப்ப கேளுங்க.

4. சலூன், ஜிம்: இங்கதான் கவனம் வேணும்

பாக்கெட்ல விலை அச்சடிச்சிருக்கும். முடிவெட்டுக்கு எம்ஆர்பி இல்லையே! சலூன், ஜிம் சேவைகளுக்கும் வரி 18%-ல இருந்து 5% ஆச்சு. ஆனா உள்ளீட்டு வரி வரவு கிடையாதுங்கிற நிபந்தனையோட.

ஒரு உதாரணம். கட்டணம் 300, வரி 54, மொத்தம் 354 ரூபாய். கடை வாடகை மாதிரி செலவுகள்ல கட்டின வரியில, ஒரு வாடிக்கையாளருக்கு 20 ரூபாய் வரவு எடுத்துட்டு இருந்தாங்கன்னு வச்சுக்கோங்க. இனிமே அது செலவு. அதைச் சேர்த்தாலும் 320 கூட்டல் 5% வரி, 336 ரூபாய். ஆக நியாயமான விலை 315-ல இருந்து 336-க்குள்ள. இன்னமும் 354 வாங்கினா, அடிப்படை விலையை 337-ஆ ஏத்திட்டாங்க. உங்க 17 ரூபாய் அவங்க லாபம். பில்லுல "ஜிஎஸ்டி 5%"-ன்னு சரியாத்தான் இருக்கும். மாறினது அதுக்கு மேல இருக்கிற வரி.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல. பின்லாந்துல 2007-ல முடிதிருத்தகங்களுக்கு வரியை 22%-ல இருந்து 8% ஆக்கினாங்க. ஆய்வு பண்ணினப்போ பாதி பலன்தான் வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. 2012-ல வரியைத் திரும்ப ஏத்தினப்போ, விலை அதைவிட ரொம்ப அதிகமா நகர்ந்துச்சு. ஏத்தும்போது லிஃப்ட், இறக்கும்போது படிக்கட்டு!

5. சட்டம் என்ன பண்ணுது?

வரிக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆகணும்னு ஜிஎஸ்டி சட்டத்தோட 171-வது பிரிவு சொல்லுது. 2017 நவம்பர்ல ஓட்டல்களுக்கு வரி 5% ஆனப்போ அடிப்படை விலையை ஏத்தினதா, மெக்டொனால்ட்ஸ் நடத்தும் ஹார்ட்கேஸ்டில் நிறுவனத்துக்கு எதிரா 2018-ல சுமார் 7.49 கோடி ரூபாய்க்கு உத்தரவு வந்துச்சு. 2024 ஜனவரியில டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆனா ஒரு சிக்கல். இந்தப் பிரிவுல புதுப் புகார்களை வாங்குறது 2025 ஏப்ரல் 1-ஓட நின்னுபோச்சு. வரி குறைஞ்சது செப்டம்பர்ல! பிரிவு புத்தகத்துல இருக்கு. புகார் வாங்குற ஜன்னல் மூடியிருக்கு. அதனால இந்த முறை முதல் ஆடிட்டர் நீங்கதான்.

6. நீங்க செய்ய வேண்டியது

- 2025 ஆகஸ்ட் மாச பில்லைத் தேடி எடுங்க. ஆன்லைன் ஆர்டர்னா ஆப்லயே இருக்கும்.
- அடிக்கடி வாங்குற 10 பொருளுக்குப் பழைய விலை, எடை, புது விலை, எடைன்னு எழுதுங்க. மேல சொன்ன மூணு எண்ணோட ஒப்பிடுங்க.
- "தள்ளுபடி" காணாமப் போச்சான்னு பாருங்க. எம்ஆர்பி குறைஞ்சு, முன்னாடி கொடுத்த தள்ளுபடியும் போயிருந்தா, உங்களுக்கு வந்தது ஒண்ணும் இல்ல.
- சலூன், ஜிம்ல வரிக்கு முந்தின கட்டணத்தைப் பாருங்க. பில்லுல முன்னாடியும் ஜிஎஸ்டி இல்லைன்னா (20 லட்சத்துக்குக் கீழ இருக்கிற சின்ன சலூன்), குறைய எதுவும் இல்ல.
- பலன் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அச்சடிச்ச எம்ஆர்பி-க்கு மேல வித்தா அது தனிக் குற்றம். நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறையோட எடையளவு ஆய்வாளர்கிட்ட புகார் பண்ணலாம்.

கடைசியா ஒண்ணு. மிச்சமானது 440 ரூபாயோ 200 ரூபாயோ, அதே தொகைக்கு இந்த மாசமே உங்க ஆர்டி-யையோ எஸ்ஐபி-யையோ கூட்டிடுங்க. இல்லைன்னா கடைக்காரர் விட்டுக்கொடுத்ததை நாமளே இன்னொரு கடையில விட்டுட்டு வந்துடுவோம்.

பழைய பில் தேட ஆரம்பிச்சாச்சா? அடுத்த வீடியோவில சந்திப்போம்.