மக்கும் வைப்ஸ்: வாங்கும் முன்பும் வீசும் முன்பும் சில செய்திகள்



நோன்பு மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் அடுப்படி வேலை இரட்டிப்பாகிவிடும். கஞ்சி பொங்கி வழிந்த அடுப்பு, வடை சுட்ட எண்ணெய் தெறித்த மேடை, சஹனைச் சுற்றிச் சிந்திய சோறு என்று துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்குக் கரித்துணி போதும். இப்போது பாக்கெட்டிலிருந்து ஒரு வைப்ஸை உருவித் துடைத்துவிட்டு வீசிவிடுகிறோம். அண்மைக் காலமாகப் பச்சை இலைப் படம் போட்ட "மக்கும்" வைப்ஸும் விற்பனைக்கு வருகின்றன.

"மக்கும் என்றுதானே எழுதியிருக்கிறது? கழிப்பறையில் போட்டால் என்ன?" என்று நம் பெண்கள் வகுப்பில் ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. வைப்ஸ் எதனால் ஆனது?

பார்ப்பதற்குத் துணி போலவும் தாள் போலவும் இருந்தாலும், சாதாரண வைப்ஸ் பலவற்றில் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் இழைகள் கலந்திருக்கும். இரண்டுமே பிளாஸ்டிக். மண்ணுக்குள் போனால் அவை மக்குவதில்லை. நாளடைவில் நுண்ணிய துகள்களாக உடைந்து மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும்.

மக்கும் வைப்ஸ் பருத்தி, மரக்கூழ், விஸ்கோஸ், லயோசெல் போன்றவற்றால் செய்யப்படுகின்றன. இவை செடி, மரங்களிலிருந்து கிடைக்கும் இழைகள். ஆகவே பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும்.

2. சொற்களில் உள்ள வேறுபாடு

"பயோடிகிரேடபிள்" என்றால் என்றாவது ஒருநாள் நுண்ணுயிர்களால் சிதையும் என்று மட்டுமே பொருள். எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

"கம்போஸ்டபிள்" என்றால் உரமாக மாறக்கூடியது. இதிலும் இரண்டு வகை உண்டு. இ.என். 13432 என்ற ஐரோப்பிய அளவுகோல், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதமாவது சிதைய வேண்டும் என்கிறது. ஆனால் அது சுமார் 58 டிகிரி வெப்பம் பராமரிக்கப்படும் பெரிய உரக்கூடங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. நம் வீட்டு உரத்தொட்டியில் அவ்வளவு சூடு நிலைப்பதில்லை. எனவே வீட்டிலேயே உரமாக்க நினைப்பவர்கள் "ஹோம் கம்போஸ்டபிள்" என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.எல்.ஏ. என்ற பொருள் கலந்திருந்தால், அது செடியிலிருந்து வந்ததாக இருந்தாலும் வீட்டுத் தொட்டியில் எளிதில் மக்காது.

3. கழிப்பறையில் ஏன் போடக் கூடாது?

கழிப்பறைத் தாள் தண்ணீர் பட்டதும் கரைந்து பிரிந்துவிடும். வைப்ஸோ ஈரத்திலும் கிழியாமல் இருப்பதற்காகவே தயாரிக்கப்படுகிறது. மக்கும் வைப்ஸும் அப்படித்தான். மக்குவதற்கு அதற்குப் பல வாரங்கள் வேண்டும். குழாயில் சிக்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். சிக்கிய இடத்தில் சமையல் எண்ணெயும் கொழுப்பும் படிந்து இறுகிவிடும். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி உருவான கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் இருந்தது. அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது.

நம் ஊரில் அடைப்பு என்றால் என்ன நடக்கும்? மனிதரைச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியிருந்தும் விஷவாயு தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் இன்றும் படிக்கிறோம். நாம் வீசிய ஒரு துண்டுக்காக இன்னொருவர் குழிக்குள் இறங்கும் நிலை வரக் கூடாது. அவரையும் மாலையில் அவருடைய பிள்ளைகள் வாசலில் எதிர்பார்த்திருப்பார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே நன்மை என்று கற்ற நாம், பிறர் பாதையில் முள்ளைப் போடலாமா?

4. வீட்டில் உரமாக்கும் முறை

காய்கறி, பழச்சாறு, சோறு, தூசி ஆகியவற்றைத் துடைத்த வைப்ஸை மட்டும் உரத்தொட்டியில் போடலாம். சிறு துண்டுகளாகக் கிழித்து, காய்கறித் தோலோடும் காய்ந்த இலையோடும் கலந்து போடுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் காற்றுப் போகாமல் நாற்றம் வரும். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

இவற்றைப் போடக் கூடாது: பச்சை இறைச்சி, மீன், மலம், சளி ஆகியவற்றைத் துடைத்தவை, பிளீச்சிங், பினாயில் பட்டவை, கிருமிநாசினி சேர்த்த வைப்ஸ். கிருமியைக் கொல்லும் மருந்து, உரமாக்கும் நுண்ணுயிரையும் கொல்லும்.

உரத்தொட்டி இல்லாதவர்கள், தங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் தூய்மைப் பணியாளரிடம் கேட்டுவிட்டு மக்கும் குப்பையில் சேருங்கள். பார்வைக்கு எல்லா வைப்ஸும் ஒன்று போலவே இருப்பதால், அவர்கள் அதைப் பிளாஸ்டிக் என்று ஒதுக்கவும் கூடும். குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால், மக்கும் பொருளும் மீத்தேன் வாயுவைத்தான் வெளியிடும். சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மக்கும் பொருளால் பயன்.

5. வாங்காமலே இருக்க முடியுமா?

பெரும்பாலான வேலைக்கு முடியும். பழைய பருத்திக் கைலி, பனியன், துப்பட்டா ஆகியவற்றைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, 20 துண்டுகள் ஒரு டப்பாவில் வையுங்கள். அடுப்படிக்கு ஒரு நிறம், கழிப்பறைக்கு வேறு நிறம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைத்தால் பல மாதம் உழைக்கும். வினிகர் கலந்த தண்ணீரையும் துடைக்கப் பயன்படுத்தலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

பயணத்திலும், படுக்கையில் இருக்கும் பெரியவர்களைக் கவனிக்கும்போதும் வைப்ஸ் தேவைப்படலாம். தேவைக்கு வாங்குவது தவறில்லை. தேவையில்லாத இடத்தில் செலவழிப்பதுதான் வீண் விரயம்.

6. பிள்ளைகளோடு செய்து பார்க்க

ஒரு பூந்தொட்டியில் மூன்று துண்டுகளைத் தனித்தனியே புதையுங்கள்: பழைய பருத்தித் துணி, மக்கும் வைப்ஸ், சாதாரண வைப்ஸ். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்து, எது எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பிள்ளைகளையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் எழுதியிருப்பது உண்மையா என்பதை அந்தத் தொட்டி சொல்லிவிடும்.

சிந்திக்க மூன்று கேள்விகள்:

நம் வீட்டில் ஒரு வாரத்தில் எத்தனை வைப்ஸ் செலவாகின்றன? அவற்றில் எத்தனைக்குத் துணியே போதுமானதாக இருந்தது? துடைத்தபின் அவை எங்கே போய்ச் சேர்ந்தன?

விடைகளை அடுத்த வகுப்புக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பேசுவோம். நம் வீட்டைச் சுத்தமாக்கும்போது அடுத்தவர் வீட்டையும் தெருவையும் அழுக்காக்காமல் வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.