புல்லட்டின் நெஞ்சில் ‘டிக் டிக்’

பெண் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒலி, வெப்ப விரிவு என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இரண்டு பாடங்களை ஒரு பழைய புல்லட் எங்களுக்கு மறுபடி நடத்திற்று. கட்டணமாக ஒரு நாள் பாலையும் வாங்கிக்கொண்டது.

காவாந்தண்டலத்திலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வருகிறவர்கள் நாங்கள் மூவர். எங்களில் ஒருத்தியின் அப்பா விடியற்காலையில் புல்லட்டின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு உத்திரமேரூருக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவர். தை மாதத்தில் அந்த வண்டியின் ‘டப் டப்’ ஒலிக்கு நடுவே ஒரு ‘டிக் டிக்’ கேட்கத் தொடங்கியது. பட்டறை ஒன்றில் காட்டியதற்கு, “பிக் எண்டு போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், 15,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். வீட்டில் இருந்த பணமோ, எங்கள் தோழி பதினோராம் வகுப்புக்கு விடுதியில் சேர எடுத்து வைத்த பணம். அன்று மதியம் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை.

அறிவியல் சிஸ்டரிடம் சொன்னோம். “சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கலாமா?” என்று கேட்ட சிஸ்டர், லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் கதையைச் சொன்னார்கள். 1816-இல் அவர் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாராம். பிறகு அதையே மரத்தில் செய்தார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம்.

எங்கள் ஊரில் பம்புசெட் எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்ந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஸ்டெதஸ்கோப் இல்லை, நீளமான ஸ்க்ரூடிரைவர் இருந்தது. “கண்ணுங்களா, முதல்ல கேளுங்க. அப்புறம் கையை வைங்க” என்றார். துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டி, சடையையும் முடிந்துகொண்ட பிறகுதான் ஓடும் எஞ்சின் அருகே எங்களை விட்டார். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்த வேண்டும். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். எஃகிலோ 5,000 மீட்டருக்கும் மேல். எஃகுத் தண்டு ஒலியைச் சிதறவிடாமல் நேரே காதுக்குக் கொண்டுவந்து விடுகிறது. தெருச் சத்தமெல்லாம் ஒதுங்கிப்போய், எஞ்சினின் உள்ளேயே உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

இங்கே எஞ்சினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955 முதல் சென்னையில் உருவாகி வருகிறது. நாங்கள் பார்த்தது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சி.சி. அதில் கேம் சுழன்று டேப்பட்டைத் தள்ளும். டேப்பட் புஷ்ராடு என்னும் நீண்ட கம்பியைத் தள்ளும். கம்பி மேலே ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். இந்தச் சங்கிலியில் எங்கேனும் இடைவெளி கூடிவிட்டால், ஒவ்வொரு தள்ளலிலும் உலோகம் உலோகத்தை அடிக்கும். அதுவே டிக். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் வால்வு ஒரு முறை திறக்கும். ஆகவே நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் 450 டிக்.

ராஜ்தூத், எஸ்டி, டிவிஎஸ் 50 போன்ற பழைய இரண்டு வீச்சு வண்டிகளில் இந்த வால்வுகளே கிடையாது. அவற்றில் டிக் கேட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆனால் டிக் என்றாலே டேப்பட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்றார் தாத்தா. முதலில் எண்ணெய் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரில் மோதினால் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சத்தம் அதிகமாயிருக்கும், சூடேறினால் குறையும். சைலன்சர் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் ‘டிக்’ என்றே கேட்கும். அங்கே கரி படிந்திருக்கும். பிளக் மூடியில் விரிசல் இருந்தால் மின்பொறி வெளியே தாவும். இருட்டில் நீலமாகத் தெரியும். பிக் எண்டு தேய்ந்தாலோ டிக் வராது, அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வரும். அப்படி வந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

நாங்கள் மாறி மாறிக் காது வைத்தோம். கீழே கிராங்கு இருக்கும் உறையில் சத்தம் அடங்கியிருந்தது. சிலிண்டரின் அடியில் வலப்புறமுள்ள டேப்பட் மூடியில் வைத்ததும் காதில் சுத்தியலால் அடித்தது போலிருந்தது. சூடேற ஏறக் கூடவும் செய்தது. மூடியைத் திறந்தால், ஒரு புஷ்ராடின் பூட்டு நட்டு தளர்ந்து கிடந்தது!

தாத்தா, “காலையில வண்டி ஆறினதும் வெக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. தோழியின் அப்பாவும் அவசரப்பட்டார். எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்கும்போதே, கம்பியில் ஆட்டம் சிறிதும் இல்லாதபடி நாங்களே முடுக்கிவிட்டோம். டிக் அடியோடு நின்றது. அன்றிரவு மூன்று வீட்டிலும் எங்கள் பெருமைதான் பேச்சு.

மறுநாள் விடியலில் புல்லட் கிளம்பவில்லை. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. அப்பா சைக்கிளில் ஒரு கேனை மட்டும் கொண்டு போனார். மீதிப் பால் அன்று வீட்டில் தயிரானது.

காரணம் நம் பாடநூலில் உள்ளதுதான். வெப்பத்தால் உலோகம் விரியும். இந்த எஞ்சின் சூடானால் சிலிண்டர் உயர்ந்து, புஷ்ராடின் இடைவெளி கூடும், குளிர்ந்தால் குறையும். சூட்டில் இடைவெளியே இல்லாமல் முடுக்கியதால், இரவில் சிலிண்டர் சுருங்கியபோது கம்பி ராக்கரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. வால்வு முழுவதும் மூடவில்லை. அழுத்தம் எப்படி வரும்? அப்படியே பல நாள் ஓட்டியிருந்தால், புகை வெளியேற்றும் வால்வாயின் எரிந்தே போயிருக்கும் என்றார் தாத்தா. திட்டவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக உறைத்தது.

பிறகு எங்களையே செய்யச் சொன்னார். பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, அழுத்த வீச்சில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தோம். அப்போதுதான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். புஷ்ராடை விரல்களால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள மயிரிழையைப் பிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பூட்டு நட்டை இறுக்கும்போது கம்பியும் கூடவே திரும்பிவிடும்; ஒருத்தி பிடிக்க, ஒருத்தி இறுக்க, மூன்றாமவள் உருட்டிப் பார்க்க, ஐந்து தடவை செய்தோம். (2008-இல் வந்த வகை எஞ்சினில் எண்ணெய் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்து கொள்கிறதாம். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்!)

செலவு, டேப்பட் மூடிக்கு ஒரு புதிய கேஸ்கெட்டும் கொஞ்சம் எண்ணெயும்தான். விடுதிக்கான பணம் பீரோவுக்குத் திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒரே மிதியில் வண்டி கிளம்பியதை மூன்று வீட்டிலிருந்தும் கேட்டோம். பால் ஊற்றிவிட்டு அப்பா திரும்பியபோது, சூடான எஞ்சினில் மெல்லிய டிக் ஒன்று இருந்தது. நாங்கள் பதறித் தாத்தாவைப் பார்த்தோம். அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “இது இருக்கட்டும்” என்று சொல்லித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.