9 டிகிரியா, 20 டிகிரியா? ஐஸுக்கு அடியில் ஒரு பீம் கணக்கு

போன ஜனவரியில் டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மா பையனிடமிருந்து ஒரு மெசேஜ். "டேய், நீ ஈசிஇ தானே? ஐஸ் ஃபிஷிங்குக்கு சோனார் வாங்கப் போறேன். 9 டிகிரி ட்ரான்ஸ்டியூசர் இருக்கு, 20 டிகிரி இருக்கு. எது வாங்க?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "20 வாங்குண்ணா, நிறைய இடம் தெரியும்" என்று அனுப்பிவிட்டேன். ரெண்டு வாரம் கழித்து பதில் வந்தது: "ஸ்கிரீன்ல மீனுக்குக் குறைச்சலே இல்ல. கைக்கு ஒண்ணுகூட வரல."

தப்பு என்னுடையது. ஆன்டெனா பேப்பரில் பாஸ் பண்ணின ஒருத்தன் சொல்லக்கூடாத பதில் அது. ஏன் என்று கணக்கோடு பார்க்கலாம். உங்களில் பலருக்கு ஐஸ் ஃபிஷிங் வாழ்க்கையில் தேவைப்படாது. ஆனால் பீம் விட்த் என்கிற ஒற்றை நம்பர் நிஜத்தில் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இடம். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்ததும் ஆட்கள் அதன்மேல் நடந்து போய், பெரிய திருகு மாதிரி ஒரு கருவியால் சுமார் 20 செ.மீ அகலத்துக்குத் துளை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் விடுவார்கள். அதே துளையில் சோனாரின் ட்ரான்ஸ்டியூசரும் தொங்கும். அது கீழ்நோக்கி 200 கிலோஹெர்ட்ஸில் குட்டிக் குட்டி பல்ஸ்களை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கும். மீன், தூண்டில் இரை, ஏரித் தரை மூன்றும் ஸ்கிரீனில் மூன்று கோடுகளாக வரும். படகு மாதிரி இங்கே நகர்ந்துகொண்டே தேட முடியாது. இடம் மாறணும்னா இன்னொரு துளை போடணும்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். இந்த சோனாருக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. கூம்பு மாதிரி விரிகிற பீமுக்குள் எங்கே மீன் இருந்தாலும், ட்ரான்ஸ்டியூசரிலிருந்து அதன் தூரம் எவ்வளவோ அந்த இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். மொத்தக் கூம்பும் ஒரே கோட்டில் மடங்கிவிடுகிறது. அப்படியென்றால் கூம்பு பெரிதாக ஆக, "மீன் எங்கே இருக்கு?" என்ற சந்தேகமும் பெரிதாகிறது.

கூம்பின் அகலம் சுலபமான கணக்கு. ஆழத்தை 2-ஆல் பெருக்கி, பீம் கோணத்தில் பாதியின் டேன் மதிப்பால் பெருக்குங்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் ஆழம் 25 மீட்டர். 9 டிகிரி பீம் அங்கே சுமார் 3.9 மீட்டர் அகலம். 20 டிகிரி பீம் 8.8 மீட்டர். பரப்பளவில் பார்த்தால் 12 சதுர மீட்டருக்கு எதிராக 61 சதுர மீட்டர், அதாவது அஞ்சு மடங்கு. இரை நடுவில் தொங்குகிறது, மீன் 4 மீட்டர் தள்ளி அதே தூரத்தில் சும்மா போகிறது. ஸ்கிரீனில் ரெண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். "பக்கத்துல வந்துடுச்சு, இதோ கடிக்கப் போகுது" என்று நம்ம ஆள் தூண்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பார். அந்த மீனோ இரையைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

இதில் ஒரு சின்ன உதவி உண்டு. பீமின் நடுவில் இருப்பதன் எதிரொலி பலமாகவும், ஓரத்தில் இருப்பது பலவீனமாகவும் வரும். பல கருவிகள் அந்த பலத்தை வேறு வேறு நிறத்தில் காட்டும். ஆனால் ஓரத்தில் போகும் பெரிய மீனும் நடுவில் இருக்கும் சின்ன மீனும் ஒரே நிறத்தில் வரலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது.

அடுத்து, இந்தக் கோணம் எங்கிருந்து வருகிறது? டிஷ் ஆன்டெனாவுக்கு 70 பெருக்கல் லேம்டா, வகுத்தல் டயாமீட்டர் என்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கா? அதேதான். வட்டமான செராமிக் தகட்டுக்கு 70-க்குப் பதில் சுமார் 59 வரும், அவ்வளவே வித்தியாசம். உறைந்த ஏரியில் தண்ணீர் ஐஸை ஒட்டி 0 டிகிரி, ஆழத்தில் 4 டிகிரி செல்சியஸ். அங்கே ஒலியின் வேகம் நொடிக்கு 1400 மீட்டரைத் தாண்டி, 1420 வரை. (நம்ம புத்தகங்களில் வரும் 1500 கடல்நீருக்கானது. அதை இங்கே போட்டுவிடாதீர்கள்.) 200 கிலோஹெர்ட்ஸில் லேம்டா சுமார் 7 மி.மீ. எனவே 20 டிகிரிக்கு 21 மி.மீ தகடு போதும். 9 டிகிரிக்கு 46 மி.மீ வேண்டும். குறுகலான பீம் வேண்டுமென்றால் தகடு பெரிதாகும். முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்கே தலைகீழாகத் தோன்றியது.

இதே சூத்திரத்திலிருந்து இன்னொன்றும் புரியும். 50 மி.மீ தகடு ஒன்றை 200 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் சுமார் 8 டிகிரி, 83-ல் ஓட்டினால் 20 டிகிரி. ஒரே ட்ரான்ஸ்டியூசரில் ரெண்டு ஃப்ரீக்வென்சி, ரெண்டு பீம் என்று விற்பதன் அடிப்படை இதுதான்.

இப்போது டெட் ஜோன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அண்ணனுக்கு நிஜமாகவே அடி விழுந்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன். சிம்கோவில் அவர் தேடியது லேக் ட்ரௌட், ஒயிட்ஃபிஷ். ஒயிட்ஃபிஷ் பெரும்பாலும் தரையை ஒட்டி மேயும். பல்ஸ் கோள வடிவில் விரிந்து போகிறது, தரையோ தட்டை. நேர் கீழே தரை 25 மீட்டரில் இருந்தால், அந்த எதிரொலி வந்த நொடியிலிருந்து ஸ்கிரீன் முழுக்கத் தரைதான். பீம் ஓரத்தில் இருக்கும் மீனுக்குச் சாய்வான தூரம் அதிகம். அதனால் அது தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருந்தாலும் அதன் எதிரொலி தரையோடு கலந்துவிடும். 20 டிகிரி பீமில் ஓரத்தில் இப்படி ஒளியும் உயரம் 38 செ.மீ. 9 டிகிரியில் 8 செ.மீ.

இது சமதரைக்கு. சிம்கோவின் ஆழமான பகுதி கெம்பன்ஃபெல்ட் விரிகுடா, அதிகபட்சம் 41 மீட்டர். கரையிலிருந்து அந்த ஆழத்துக்குத் தரை சரிந்துதானே இறங்கணும்? மீன் தேடுகிறவர்களும் அந்தச் சரிவைத் தேடித்தான் போவார்கள். 20 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பீமின் மேட்டுப்பக்க ஓரம் முதலில் தரையைத் தொட்டுவிடும். 20 டிகிரி பீமில் தரை எதிரொலி 1.14 மீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் துளைக்கு நேர் கீழே, தரைக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும் மீன்கூடக் காணாமல் போகலாம். 9 டிகிரியில் அந்த மறைவு 62 செ.மீ. அதுவும் குறைவில்லைதான், ஆனால் பாதி. நிறைய இடம் தெரியட்டும் என்று நான் வாங்கச் சொன்ன சாதனம், அவர் தேடிய மீன் இருக்கும் இடத்தையே மறைத்திருக்கிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மேலும் கீழுமாக ரெண்டு மீனைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது பீம் விட்த் வேலை இல்லை, பல்ஸ் நீளத்தின் வேலை. 50 மைக்ரோசெகண்ட் பல்ஸுக்குச் சுமார் 3.5 செ.மீ.

அப்போ எல்லாருக்கும் 9 டிகிரியா? இல்லை. மினசோட்டாவில் அப்பர் ரெட் லேக் என்று ஒன்று இருக்கிறது. பரப்பு பெரிது, ஆழம் சுமார் 5 மீட்டர்தான். 4 மீட்டரில் 9 டிகிரி கூம்பு வெறும் 63 செ.மீ அகலம். மீன் குறுக்கே போவது கண் சிமிட்டும் நேரம். அங்கே 20 டிகிரிதான் சரி, 1.4 மீட்டர் கிடைக்கும். டெட் ஜோனும் அந்த ஆழத்தில் பீம் ஓரத்தில் 6 செ.மீதான், கவலையில்லை. ரெண்டுக்கும் நடுவே 10 மீட்டர் வாக்கில் இருந்தால் 12 டிகிரி வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே கூம்பு 2.1 மீட்டர்.

அகல பீம் வைத்திருப்பவர் ஐஸையும் கணக்கில் எடுக்கணும். ஐஸ் 60 செ.மீ கனம் என்றால் அதில் சுமார் 55 செ.மீ தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். ட்ரான்ஸ்டியூசரைத் துளைக்குள் மேலாகவே மிதக்கவிட்டால், 10 செ.மீ ஆரத்துக்கு 55 செ.மீ நீளச் சுவர். நடுவில் தொங்கினாலும் இருபக்கமும் 10 டிகிரிக்கு மேல் வழியில்லை. 20 டிகிரி பீம் சுவரை உரசிக்கொண்டுதான் இறங்கும். ஐஸின் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

வாங்கும்போது பாக்ஸில் இருக்கும் நம்பரையும் அப்படியே நம்பாதீர்கள். நான் இதுவரை சொன்ன கோணமெல்லாம் பவர் பாதியாகும் இடம், அதாவது மைனஸ் 3 டெசிபல். சில கம்பெனிகள் மைனஸ் 10 டெசிபலில் அளந்து போடுகின்றன. மைனஸ் 10-ல் 20 டிகிரி என்று எழுதியிருந்தால், மைனஸ் 3-ல் அது சுமார் 12 டிகிரிதான். எந்த டெசிபல் என்று போடாத ஸ்பெக் ஷீட்டை வைத்து ரெண்டு மாடலை ஒப்பிடவே முடியாது. அண்ணனுடையதைப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 3 என்றே போட்டிருந்தது. சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "ஸாரிண்ணா, 9 வாங்கு. 20-ஐ ஆழம் குறைவான இடத்துக்கு வச்சுக்கோ" என்றேன். வாங்கினார். முதல் நாளே ஐஸ் மேலிருந்து போன்: "டேய், இதுல இரையே தெரியலடா!"

வீடியோவைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கேபிள் முறுக்கிக்கொண்டு ட்ரான்ஸ்டியூசர் லேசாகச் சாய்ந்திருந்தது. 9 டிகிரி பீமில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 4.5 டிகிரிதான். 5 டிகிரி சாய்ந்தாலே நேர் கீழே தொங்கும் இரை பீமுக்கு வெளியே போய்விடும், எந்த ஆழமாக இருந்தாலும். 20 டிகிரியில் அதே சாய்வு ஒரு பொருட்டே இல்லை. "முறுக்கை எடுத்துட்டு நேராத் தொங்க விடுண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஆங், வந்துடுச்சு. ரெண்டு கோடு இருக்கு. கீழ இருக்கறது மேல வருது, நீ போனை வை."